சிறிய கார் டீடெய்லிங் தொழிலுக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டீடெய்லிங் என்பது காரின் உள்ளும் வெளியும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை. ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்தும் இந்தத் தொழிலில் நேரம்தான் சரக்கு. ஒரு காரின் உள்புறத்தை முழுமையாகச் சுத்தம் செய்ய 3 முதல் 5 மணி நேரம் ஆகும். ஒரே கட்ட பாலிஷ் ஒரு நாளை விழுங்கிவிடும். பெயின்ட் கரெக்‌ஷன் (பெயின்ட்டின் மேல் உள்ள கீறல்களைப் பாலிஷால் எடுப்பது) செய்து, செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சும் போட்டால் 2, 3 நாள் போய்விடும். அப்படியென்றால் மாதத்துக்கு 50 கார்களைத் தாண்டுவதே கடினம். ஊர் முழுக்கப் பெயர் பரவ வேண்டும் என்று செலவழிப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். உங்கள் தொழில் ஓட, பக்கத்தில் இருக்கும், திரும்பி வரக்கூடிய சில நூறு கார் உரிமையாளர்கள் போதும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் கடைசிப் பக்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

படி 1: வாரத்துக்கு எத்தனை கார் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். போக வர, பொருட்களை எடுத்து வைக்க, மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்க, போனில் பேச என்று கால்வாசி போய்விடும். மிச்சம் 36 மணி நேரம். நான்கு இன்டீரியர் வேலைகளுக்கு 16 மணி, ஒரு பாலிஷுக்கு 8 மணி, ஆறு பராமரிப்பு வாஷுக்குத் தலா 2 மணி வீதம் 12 மணி. மொத்தம் 11 கார்களில் வாரம் நிரம்பிவிட்டது. அதில் பாதி பழைய வாடிக்கையாளர்கள் என்றால் புதிதாக வேண்டியவர்கள் 5 அல்லது 6 பேர். விசாரிக்கும் மூவரில் ஒருவர் புக் செய்வதாக வைத்தால் வாரத்துக்கு 15 முதல் 18 விசாரிப்புகள். இதுதான் உங்கள் இலக்கு.

அடுத்தது செலவின் எல்லை. ரசாயனம், தண்ணீர், எரிபொருள், கூலி எல்லாம் போக ஒரு வேலையில் மிஞ்சுவது 100 பங்கு என்று வையுங்கள். அந்த ஆளைக் கொண்டுவர 20, 25 பங்குக்கு மேல் செலவானால், அவர் திரும்பி வராதபோது கையைக் கடிக்கும். ஆண்டுக்கு நான்கு முறை வரப்போகிறவர் என்றால் முதல் வேலையிலேயே 60 பங்கு போனாலும் பரவாயில்லை. விற்பதற்காகக் காரைப் பளபளப்பாக்க வருபவர் ஒருமுறைதான் வருவார். மாதாமாதம் வாஷுக்கு வருபவர் வேறு கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே அளவு விளம்பரச் செலவு செய்யாதீர்கள்.

படி 2: எதை விற்கிறீர்கள் என்பதை வாடிக்கையாளரின் வார்த்தையில் எழுதுங்கள்

"டீகன்டாமினேஷன்", "டூ ஸ்டேஜ் கரெக்‌ஷன்" என்றெல்லாம் யாரும் தேடுவதில்லை. சீட்டில் பால் கொட்டிவிட்டது, காருக்குள் நாற்றம் போகவில்லை, ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது, வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது. மக்கள் மனதில் இருப்பது இந்தத் தொல்லைகள்தான். ஒவ்வொரு சேவையின் தலைப்பிலும் அந்தத் தொல்லை இருக்கட்டும். அதைத் தீர்க்கும் முறையின் பெயர் இரண்டாவது வரியில் வரட்டும்.

பேக்கேஜ் மூன்று போதும். பராமரிப்பு வாஷ், இன்டீரியர் முழுச் சுத்தம், பாலிஷும் பாதுகாப்புப் பூச்சும். ஹேட்ச்பேக், செடான், எஸ்யூவி என்று மூன்று அளவுக்கும் தொடக்க விலை போட்டுவிடுங்கள். நாய் முடி, வாந்தி, பூஞ்சை, மணல் ஆகியவற்றுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு என்பதையும் அங்கேயே எழுதுங்கள். விலையை மறைத்தால் விசாரிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகும், உங்கள் மாலை நேரம் அதற்குப் பதில் சொல்வதிலேயே கரையும்.

விளம்பரத்தில் சொல்லக்கூடாதவையும் உண்டு. "எல்லாக் கீறலும் போகும்" என்று எழுதாதீர்கள். பெயின்ட்டுக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷால் எடுக்க முடியாது, எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும். "9எச் என்பதால் கீறலே விழாது" என்ற வாசகமும் அப்படித்தான். அந்த 9எச், பென்சில் முனையால் சோதிக்கும் கடினத்தன்மை அளவு. கல் தெறித்தாலோ சாவியால் கோடு போட்டாலோ செராமிக் பூச்சு தாங்காது. தண்ணீர் தங்காது, அழுக்கு எளிதில் கழுவிப் போகும், பளபளப்பு நீண்ட நாள் நிற்கும் என்று சொல்லுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி, வேலை முடிந்த பிறகு ஒரு நட்சத்திர விமர்சனமாகத் திரும்பி வரும்.

படி 3: படம் எடுப்பதைத் தொழிலின் ஒரு பகுதியாக்குங்கள்

இந்தத் தொழிலுக்கு முன், பின் படங்களைவிட வலுவான விளம்பரம் கிடையாது. ஆனால் பெரும்பாலான படங்கள் எதையும் நிரூபிப்பதில்லை. தூசி படிந்த காரையும் கழுவிப் பளபளக்கும் காரையும் பக்கத்தில் வைத்தால், அது வெறும் வாஷின் படம். அதைப் பார்த்து யாரும் பாலிஷுக்குப் பணம் தரமாட்டார்கள்.

பாலிஷ் வேலைக்கு "முன்" படத்தைக் காரைக் கழுவித் துடைத்த பிறகே எடுங்கள். ஷெட்டின் பொதுவெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஒரே ஒரு கூர்மையான டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். சுழல் கீறல்கள் அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போலத் தெரியும். டியூப் லைட்டின் பரந்த ஒளியில் அவை மறைந்துவிடும். போன் திரையில் அந்த ஒளிப்புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் கீறலை அழித்துவிடும். பானட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் பாலிஷ் செய்து, இரண்டு பாதியும் ஒரே படத்தில் தெரியும்படி எடுப்பது இன்னும் நம்பத்தக்கது. "பின்" படத்துக்கு முன் பேனல் வைப் (எண்ணெய் நீக்கும் திரவம்) கொண்டு எண்ணெய்ப் படலத்தைத் துடைத்துவிடுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். இரண்டு வாஷில் அது கழுவிப் போனதும் கீறல் திரும்பத் தெரியும், வாடிக்கையாளர் உங்கள் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார்.

இன்டீரியருக்கு வேறு முறை. காரைத் திறந்ததும், வேக்குவம் போடுவதற்கு முன் எடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து நின்று சீட், கால்வைக்கும் இடம், பின்சீட், டிக்கி என்று நான்கு இடம். சீட் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் வைத்து, வேலை முடிந்து துணி முழுதும் காய்ந்த பிறகு அடுத்த படம். ஈரமான துணி கருமையாகத் தெரியும். கறை போய்விட்டதுபோல் ஏமாற்றும், காய்ந்ததும் விளிம்பில் வளையமாக எழும்பி வரும்.

நம்பர் பிளேட்டை மறையுங்கள், கண்ணாடியில் ஒட்டிய குடியிருப்பு ஸ்டிக்கரையும்கூட. படத்தை வெளியிடலாமா என்று வேலைக்காகக் காரைப் பெற்றுக்கொள்ளும்போதே கேட்டு, வேலைத் தாளில் ஒரு டிக் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: கூகுள் பிசினஸ் புரொஃபைல்

"பக்கத்தில் கார் டீடெய்லிங்" என்று தேடுபவர் இன்றோ நாளையோ பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர். அவர் முதலில் பார்ப்பது வரைபடத்தோடு வரும் பட்டியலை. கூகுளில் உங்கள் தொழிலுக்கென்று திறக்கும் பக்கமான பிசினஸ் புரொஃபைல் வழியாகத்தான் அதில் வருவீர்கள், அதற்குக் காசு தேவையில்லை. தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறீர்கள், எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள், எவ்வளவு அறியப்பட்டவர் ஆகிய மூன்றையும் வைத்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது.

முதன்மை வகையாகக் கார் டீடெய்லிங் சேவையைத் தேர்ந்தெடுங்கள். கார் வாஷை இரண்டாம் வகையாக வைக்கலாம். மாற்றிப் போட்டால் மலிவு வாஷ் தேடுபவர்களே அழைப்பார்கள். தொழிலின் பெயரில் பலகையில் உள்ள பெயரை மட்டும் எழுதுங்கள். "பெஸ்ட் செராமிக் கோட்டிங் நியர் மீ" என்று ஒட்டுப்போட்டால் அது விதிமீறல். புரொஃபைல் முடக்கப்படலாம், சேர்த்து வைத்த விமர்சனங்களும் அதோடு கண்ணில் படாமல் போகும்.

வீட்டுக்கே போய் வேலை செய்பவர், வாடிக்கையாளர் வந்து போகும் கடை இல்லாதவர் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளை மட்டும் குறிப்பிடுங்கள். 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். ஆனால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களை மட்டும் போடுவதே நல்லது. பகுதியை அகலமாக்கினால் தேடலில் மேலே வருவீர்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, பயண நேரம் மட்டும் நிச்சயம் கூடும். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெருப் பெயர்ப்பலகை, உங்கள் வண்டியில் உள்ள பெயர், பாலிஷர், வேக்குவம், ரசாயனங்கள் எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவில் வர வேண்டும். எடுக்கத் தொடங்கும் முன் ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் வீடியோ நிராகரிக்கப்படலாம்.

விளக்கத்துக்கு 750 எழுத்து இடம் உண்டு. படி 2-இல் எழுதிய தொல்லைகளை இங்கே கொண்டுவாருங்கள். வாரம் இரண்டு படம் ஏற்றுங்கள்.

படி 5: விசாரிப்பைப் புக்கிங்காக மாற்றுங்கள்

பல கடைகளில் குறை விளம்பரத்தில் இருப்பதில்லை, பதில் சொல்வதில் இருக்கிறது. கார் கழுவும் ஈரக்கையோடு போனை எடுக்க முடியாது. மாலையில் திரும்ப அழைக்கும்போது அவர் வேறிடத்தில் புக் செய்திருப்பார். வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கிப் பதிலை அமைத்து, அதிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்:

"வணக்கம். வேலையில் இருக்கிறோம், ஒரு மணி நேரத்துக்குள் பதில் தருகிறோம். அதற்குள் கார் மாடல், எந்தத் தொல்லைக்காகக் கேட்கிறீர்கள், எந்த நாள் வசதி என்பதை அனுப்புங்கள். வெயிலில் நிறுத்தி பானட்டை ஒரு படமும், முன்சீட், பின்சீட், டிக்கியை ஒவ்வொரு படமும் எடுத்து அனுப்பினால் சரியான விலை சொல்ல முடியும்."

படம் அனுப்புபவர் பெரும்பாலும் உண்மையாகவே செய்யப்போகிறவர். அவருக்கு ஒரே விலையாகச் சொல்லாமல், பொருந்தும் பேக்கேஜையும் அதற்கு அடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே இரண்டு தேதி கொடுங்கள்: "வியாழன் காலை 9 அல்லது சனி மதியம் 1, எது வசதிப்படும்?" என்று கேட்டால் பேச்சு விலையிலிருந்து நேரத்துக்கு நகரும். முழு நாள் பிடிக்கும் வேலைக்கு 20 முதல் 30 சதவீதம் அட்வான்ஸ் வாங்குங்கள், முந்தின நாள் மாலை நினைவூட்டல் அனுப்புங்கள். வராமல் போகும் ஒரு பாலிஷ் வேலை, வாரத்தின் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

"பக்கத்துக் கடையில் பாதி விலைதானே?" என்று கேட்பார்கள். குறைத்துவிடாதீர்கள். உங்கள் விலையில் என்னென்ன வேலை அடக்கம் என்று மணி நேரத்தோடு சொல்லுங்கள், அவருக்கு அது வேண்டாம் என்றால் சிறிய பேக்கேஜைக் காட்டுங்கள். விலையைக் குறைப்பதானால் வேலையையும் குறைக்க வேண்டும்.

படி 6: சாவியைத் திருப்பிக் கொடுக்கும் 10 நிமிடம்

வாடிக்கையாளர் தன் காரைப் புதிதுபோல் பார்க்கும் அந்தத் தருணத்துக்கு நிகராக வேறொன்று இல்லை. அவசரப்பட்டுச் சாவியை நீட்டிவிடாதீர்கள். காரைச் சுற்றி அவரோடு நடங்கள், செய்ததைக் காட்டுங்கள், போகாத கறையையும் நீங்களே முதலில் காட்டி ஏன் போகவில்லை என்று சொல்லுங்கள். கோட்டிங் போட்டிருந்தால் முதல் 24 மணி நேரம் நனையக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு வாஷ் வேண்டாம் என்பது போன்ற, அந்தத் தயாரிப்பின் கட்டளைகளைச் சிறு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

அதன்பின் விமர்சனம் கேளுங்கள். புரொஃபைலில் கிடைக்கும் விமர்சன இணைப்பை அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "எந்தக் கார், என்ன தொல்லை இருந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும்" என்று சொன்னால் "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் பயனுள்ள விமர்சனம் வரும். அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ கொடுக்காதீர்கள். மகிழ்ச்சியாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூகுள் விதிப்படி தவறு. உங்கள் போனை நீட்டி அதில் எழுதவைப்பதும் வேண்டாம். மோசமான விமர்சனம் வந்தால் ஒரு நாளுக்குள் பதில் எழுதுங்கள்: நடந்தது என்ன, என்ன சரிசெய்யத் தயார் என்று நான்கு வரி. அதை அந்த வாடிக்கையாளரைவிட அடுத்து வரப்போகிறவர்கள்தான் கவனமாகப் படிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். கோட்டிங் போட்ட காருக்கு இரண்டு வாரத்தில் ஒரு பார்வை, பிறகு மாதம் ஒரு பராமரிப்பு வாஷ். வாக்ஸ் என்றால் 2, 3 மாதம், சீலன்ட் (வாக்ஸைவிட நீண்ட நாள் நிற்கும் செயற்கைப் பூச்சு) என்றால் 4 முதல் 6 மாதம், இன்டீரியருக்கு 3 முதல் 6 மாதம். உங்கள் எண்ணை அவர் போனில் சேமித்தாரா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, எண்ணைச் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். நினைவூட்டலைப் பொதுவாக அனுப்பாமல், "உங்கள் காருக்கு வாக்ஸ் போட்டு இந்த வாரத்தோடு மூன்று மாதம்" என்று காரைக் குறிப்பிட்டு அனுப்பினால் பதில் வரும்.

படி 7: தினமும் கார்களைப் பார்ப்பவர்களோடு கைகோர்ப்பது

மெக்கானிக், டயர் கடை, சன் ஃபிலிம் ஒட்டுபவர், டிங்கரிங் பெயின்டிங் ஷெட், வாகன இன்சூரன்ஸ் முகவர். இவர்களிடம் போய் கார்டு நீட்டினால் அது டிராயருக்குள் போய்விடும். அவருடைய சொந்தக் காரை ஒருமுறை இலவசமாகச் செய்து கொடுங்கள். தினம் அதைப் பார்க்கும் அவருடைய வாடிக்கையாளர்களே "எங்கே செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு அச்சிட்ட சீட்டு கொடுத்தால் யார் எத்தனை பேரை அனுப்பினார் என்று தெரியும். பெயின்டிங் ஷெட்டிலிருந்து வரும் காரில் ஒரு எச்சரிக்கை: புதிதாக அடித்த பெயின்ட்டுக்கு, பெயின்ட் தயாரிப்பாளர் சொன்ன காலம் முடிவதற்கு முன் வாக்ஸோ கோட்டிங்கோ போடக்கூடாது.

பழைய கார் விற்பவர்கள் நிறைய வேலை தருவார்கள். குறைந்த விலை, அவசரம், மாதக் கடைசியில் பில் என்பதையும் சேர்த்துத் தருவார்கள். ஆள் வராத வார நாட்களை நிரப்ப இது நல்ல வழிதான், ஆனால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள். ஒரு வியாபாரி பணத்தை இழுத்தடித்தால் உங்கள் மாதமே நின்றுவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பும் அலுவலக வளாகமும், கார் இருக்கும் இடத்துக்கே போய் வேலை செய்யும் மொபைல் டீடெய்லருக்குப் பொன்னான இடங்கள். நான்கு கார்கள் ஒரே இடத்தில் கிடைத்தால் பயண நேரம் மிச்சம். நிர்வாகி அஞ்சுவது தண்ணீர் வழிவது, சத்தம், வழியை அடைப்பது ஆகிய மூன்றுக்கும்தான். ரின்ஸ்லெஸ் வாஷ் முறையில் (தண்ணீர் ஊற்றி அலசாமல், கரைசலில் நனைத்த துணியால் துடைப்பது) ஒரு வாளியே போதும்: 1:256 விகிதம் சொல்லும் தயாரிப்பானால் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 மில்லி. இதை நிர்வாகி முன்னால் அவர் காரிலேயே செய்துகாட்டுங்கள். சேறு அப்பிய காரில் மட்டும் இந்த முறை வேண்டாம்; துணியோடு மணலும் இழுபட்டுக் கீறல் விழும்.

படி 8: பணம் கட்டும் விளம்பரம்

குறைந்தது 15, 20 விமர்சனங்களும் 10 நல்ல முன், பின் படங்களும் சேரும்வரை இதைத் தொடாதீர்கள். விளம்பரத்தைப் பார்த்தவர் அடுத்து உங்கள் புரொஃபைலைத்தான் பார்ப்பார்; அங்கே ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கிளிக்குக்குக் கொடுத்த பணம் வீண்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் முதலில் அணைக்க வேண்டியவை இரண்டு: விளம்பரத்தை மற்ற இணையதளங்களில் காட்டும் டிஸ்பிளே நெட்வொர்க், கூகுள் அல்லாத தேடல் தளங்களில் காட்டும் சர்ச் பார்ட்னர்ஸ். இடத்தேர்வில் "அந்த இடத்தில் இருப்பவர்கள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இயல்பாக இருக்கும் தேர்வு, அந்த இடத்தில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளும். விலக்கும் சொற்களாக வேலைவாய்ப்பு, சம்பளம், பயிற்சி, கோர்ஸ், மெஷின், ஷாம்பு, வீட்டிலேயே, இலவசம் போன்றவற்றை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை உண்மையில் எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்து மேலும் விலக்குங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் யாரும் டீடெய்லிங் தேடி வருவதில்லை. படம் பார்த்து ஆசை வர வேண்டும். கடையைச் சுற்றி 5 முதல் 8 கிலோமீட்டர் வட்டம், ஒரே தொல்லை, 15 வினாடி வீடியோ, தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் பொத்தான். அழுக்கு நீரை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் குழாயின் நெருக்கக் காட்சியும், பாதி தெளிந்த ஹெட்லைட்டும் நன்றாக எடுபடும். ஹெட்லைட் விளம்பரம் செய்பவர்கள், தேய்த்துப் பாலிஷ் செய்வதோடு நிறுத்தாமல் யுவி பாதுகாப்புப் பூச்சும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும்.

வண்டி ஸ்டிக்கருக்குச் சில வார்த்தைகள். பின்புறத்துக்கே முதலிடம், சிக்னலில் நிற்பவர் அதைத்தான் பார்க்கிறார். பெயர், செய்யும் வேலை, போன் எண் மூன்று மட்டும். 10 சென்டிமீட்டர் உயர எழுத்து சுமார் 12 மீட்டர் தூரத்திலிருந்து தெளிவாகப் படிக்க வரும். துண்டறிக்கையைப் பொதுவாக வீசுவதைவிட, வேலை செய்த வீட்டின் இரு பக்கமும் உள்ள பத்து வீடுகளுக்குக் கொடுப்பது பயன் தரும்.

படி 9: ஒரே தாளில் கணக்கு

தேதி, எங்கிருந்து கேள்விப்பட்டார், கார், சொன்ன விலை, புக் ஆனதா, வந்த தொகை, அடுத்த தேதி. ஏழு பத்திகள், நோட்டுப் புத்தகமே போதும். "எங்களை எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை ஒருவரிடமும் விடாமல் கேளுங்கள்.

எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். விசாரிப்பே இல்லையென்றால் படி 3, 4-இல் குறை. விசாரிப்பு நிறைய, புக்கிங் குறைவு என்றால் பதில் தாமதமாகிறது, அல்லது தவறான ஆட்கள் வருகிறார்கள். விலையில் கைவைப்பதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள். புக்கிங் நன்றாக இருந்தும் யாரும் திரும்பி வரவில்லையென்றால் வேலையின் தரத்தையோ, சாவி கொடுக்கும் நேரத்தையோ கவனிக்க வேண்டும். ஒரு வழியில் வந்தவருக்கான செலவு படி 1-இல் போட்ட எல்லையைத் தாண்டினால் அந்த வழியை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை அதிகம் பேரைத் தரும் வழிக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத் தேதிகள் முன்கூட்டியே நிரம்பத் தொடங்கினால் கட்டண விளம்பரத்தை நிறுத்தி, புதியவர்களுக்கான விலையை 10 சதவீதம் ஏற்றுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு இன்னும் மூன்று மாதம் பழைய விலையே என்று செய்தி அனுப்புங்கள்.